மாமன் மடியும் சுற்றும் நாற்காலியும்

எங்கள் மாமா ஒருமுறை பெண்கள் பியூட்டி பார்லருக்குள் நுழைந்து, அங்கிருந்த சுற்றும் நாற்காலியோடு சண்டைக்குப் போனார். நாற்காலி ஒன்றும் பதில் பேசவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்குக் காரணம் நான்தான். நான் என்றால் என் சடை, இன்னும் சரியாகச் சொன்னால் சடையின் கடைசி நாலு விரற்கடை நீளம். இதைச் சொல்ல ஆரம்பித்தால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்கும். அதனால் நடுவில் குதிக்காமல், ஒழுங்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வீடு திருநகரில் இருந்தது. மாடியில் நாங்கள், கீழே தெருவைப் பார்த்த அறையில் ஒரு பார்லர். என் முடி இடுப்பைத் தொட்டது. வகுப்பிலேயே நீளம் எனக்குத்தான் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். ஆனால் அந்த முடி பிடரியில் கைகொள்ளாமல் தொடங்கி, இறங்க இறங்க இளைத்து, முடிவில் நாலைந்து இழையாகத் தொங்கும். அம்மா பின்னி முடித்துக் கடைசியில் ரப்பர் பேண்டை ஏழு சுற்றுச் சுற்றுவாள். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அது எங்கேயாவது விழுந்துவிடும்.

அந்த வருடம் ஆண்டுவிழாவில் கும்மி ஆட என்னைச் சேர்த்திருந்தார்கள். முதல் வரிசையில் ஆறு பேர், அதில் நான் நடுவில். சிவப்புப் பாவாடை, சடை நுனியில் மூன்று குஞ்சலம், குனிந்து நிமிரும்போது சடை ஒரே நேரத்தில் இடமிருந்து வலம் வீச வேண்டும். ஒத்திகையின்போது நானும் வீசினேன். குஞ்சலம் சடையை விட்டுக் கழன்று பறந்து, பாட்டு டீச்சரின் டீ டம்ளருக்குள் விழுந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள், பாட்டு டீச்சரைத் தவிர. டான்ஸ் டீச்சர் என் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் டைம் தாரேன். நுனியக் கனமாக்கிட்டு வா. இல்லைன்னா கடைசி வரிசை."

கடைசி வரிசை என்பது எங்கள் பள்ளி மேடையில் திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடம். அங்கே நின்று ஆடுவதும் வீட்டில் ஆடுவதும் ஒன்றுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேனிலிருந்து இறங்கியதும் பையைக்கூட மாடிக்குக் கொண்டுபோகாமல் நேராகப் பார்லர் அக்காவிடம் ஓடினேன்.

பார்லர் அக்கா யாரையும் புண்படுத்தாமல் பேசத் தெரியாதவர். என் சடையை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சடையில்ல பாப்பா, எலிவாலு" என்றார். பிறகு பொறுமையாகவே விளக்கினார். நுனி பிளந்தால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும், ஏற ஏற முடி ஒடியும், அதனால்தான் கீழே போகப்போக ஆள் குறைகிறது. நீள முடி வேண்டும் என்றால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் அங்குலம், அல்லது அரை அங்குலமாவது வெட்டிக்கொண்டே வர வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் யூ கட், வி கட், ஸ்ட்ரெய்ட் கட் என்று மூன்று முதுகுகள் இருந்தன. வி கட் வேண்டாம், அது கூராகி இன்னும் மெல்லிசாகத் தெரியும், நேராக ஒரே கோட்டில் வெட்டினால்தான் நுனி அடர்த்தியாகத் தெரியும் என்றார்.

"வெட்டுனா முடி தடிச்சிருமாக்கா?"

"தடிக்காது. ஒல்லியா இருக்கிறது போயிரும், அம்புட்டுத்தேன். பாக்குறவுகளுக்கு என்ன தெரியப்போகுது?"

எனக்கு உலகமே பிடிபட்டுவிட்டது. உடனே கணக்குப் போட்டேன். எனக்கு நினைவு தெரிந்து மூன்று வருடமாக என் முடியில் கத்தரி பட்டதில்லை. எட்டு வாரத்துக்கு ஒன்று என்றால் பத்தொன்பது தடவை தவறிப்போயிருக்கிறது. பத்தொன்பது அங்குலம்! ஸ்கேலை எடுத்து அளந்தால் என் முடியே இருபத்திரண்டு அங்குலம்தான் இருந்தது. நான் அலறியதைக் கேட்டுப் பார்லர் அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சீப்பு விழுந்தது. நாலு விரற்கடை போதும் என்றார். நான் தாவி அந்தச் சுற்றும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வெட்டுங்கள் என்றேன்.

அக்கா கத்தரியை எடுக்கவில்லை. "ஒங்கம்மா சாமிக்கு நேர்ந்துருக்காகளாம்ல. மொதல்ல மாமன் மடியில உக்காந்து சாமிக்குக் குடுத்துட்டு வா. அப்புறம் நான் வெட்டுறேன்" என்று என்னை இறக்கி விட்டுவிட்டார்.

அங்கேதான் எல்லாச் சிக்கலும். எங்கள் குலசாமி டி. கல்லுப்பட்டிப் பக்கம். அந்தச் சாமிக்கு அம்மா என் பூமுடியை வேண்டியிருந்தாள். பூமுடி என்றால் மொட்டை இல்லை, நுனியிலிருந்து மூன்று கற்றையை மட்டும் வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பது. ஆனால் அதையும் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும். அதுவரை கத்தரி படக்கூடாது. எதற்கும்மா வேண்டிக்கொண்டாய் என்று கேட்டபோதெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள். "ஒனக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுக்குத்தேன். போ, போய்ப் படி."

மடி கொடுக்க வேண்டிய மாமா கொட்டாம்பட்டியில் இருந்தார். அம்மாவுக்குத் தம்பி. கடலையும் மாந்தோப்புமாக நல்ல விவசாயி, நல்ல கோபக்காரர். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் திருநகர் வீட்டைக் கட்டிப் பால்காய்ச்சியபோது, அப்பா பத்திரிகையைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார். ஆபீசில் லீவு கிடைக்கவில்லை, நேரில் போக முடியவில்லை. ஊர் முழுக்க அதை ஒத்துக்கொண்டது, மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டாமா, நான் என்ன குரூப்பில் பத்தோடு பதினொன்றா என்று கேட்டாராம். பால்காய்ச்சுக்கு வரவில்லை. அதற்கு அப்பா, பத்திரிகையைப் பார்த்ததற்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பார்த்துவிட்டும் வராதவரை நான் என்ன செய்ய என்றாராம். அந்த இரண்டு நீல டிக்கை அப்பா ரொம்ப நாள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

அப்பா ஆபீஸ் போன பிறகு அம்மா தம்பியோடு போனில் மெல்லப் பேசுவாள். மழையைப் பற்றி, கடலையைப் பற்றிப் பேசுவாள். வா என்று மட்டும் சொல்ல மாட்டாள். அன்று சாயங்காலம் நான் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியபோது, "நாங் கூப்புட்டா அப்பா முகத்துல அடிச்ச மாதிரி ஆயிரும்டி" என்றாள். "ஒன்னால நான் கடைசி வரிசைக்குப் போறேன்" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.

படுத்தேனே தவிர, மூளை ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா கூப்பிடக்கூடாது, அப்பா கூப்பிட மாட்டார். நான் கூப்பிடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! மறுநாள் அம்மா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனதும் அவள் போனை எடுத்தேன். மாமாவின் பெயருக்குப் போய், மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் பேசினேன்.

"மாமா, நாந்தேன் பேசுறேன். எனக்கு முதல் வரிசையில ஆடணும். அதுக்கு முடி வெட்டணும். வெட்டுறதுக்கு ஒங்க மடி வேணுமாம். நீங்க கோவமா இருந்தா வர வேணாம் மாமா, பரவால்ல. எங்க வீட்டுக்குக் கீழ பார்லர்ல ஒரு சுத்துற சேரு இருக்கு. சனிக்கிழமை காலைல அதுல உக்காந்து வெட்டிக்கிறேன். அது நல்லா மெத்துன்னு இருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி வரியை நான் குத்தலுக்குச் சொல்லவில்லை. மாமா வருத்தப்படக்கூடாதே என்று ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அனுப்பிய அரை நிமிடத்தில் இரண்டு டிக்கும் நீலமாகின. பதில் வரவில்லை. நான் அந்தப் பதிவை அழித்துவிட்டுப் போனை இருந்த இடத்தில் வைத்தேன். அடுத்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் பாதி, ஆசை பாதி. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடினேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். தெருவில் ஒரு புல்லட் வந்து நின்றது. மாமா! கொட்டாம்பட்டியிலிருந்து மேலூர் வழியாக மதுரையைச் சுற்றி அத்தனை தூரம் வந்திருக்கிறார். முகம் சிவந்து, மீசை துடிக்கிறது. ஆனால் ஒரு கையில் பட்டுப்பாவாடைப் பை, இன்னொரு கையில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாழைப்பழமும் அடுக்கிய தாம்பாளம். தாய்மாமன் எவ்வளவு கோபத்தில் வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது அல்லவா! நான் மாடிப்படியில் நான்கு நான்காகத் தாவி இறங்கினேன். மாமா மாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எங்கத்தா அந்தச் சேரு?"

நான் கையைக் காட்டினேன். பார்லர் வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கியது. மாமா அதைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு பூசி, கண்ணில் வெள்ளரிக்காயோடு படுத்திருந்த ஓர் அம்மாள் எழுந்து பார்த்து வீறிட்டு, உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். பார்லர் அக்கா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றார். மாமா பழத்தட்டைக் கண்ணாடி முன் நெயில் பாலிஷ் பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார். காலால் ஒரு தட்டுத் தட்டினார். அது நகர்ந்தது.

"இங்க பாரும்மா, நகருது! மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கைல, எம் மருமக இதுலயா உக்காரணும்? இதுக்குச் சக்கரம் வேற!"

அதன் பிறகு, நாற்காலிக்குப் பாடம் கற்பிக்கிறவர் மாதிரி அதன் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார். அது புஸ்ஸென்று அரை அடி இறங்கி, அப்படியே திரும்பி அவரைச் சுவரில் இருந்த மூன்று முதுகுகளுக்கு நேராக நிறுத்தியது. மாமா காலை ஊன்றித் தன்னைத் திருப்பிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். நான் ஓடிப்போய் மடியில் ஏறினேன். அவர் சட்டையில் பெட்ரோலும் வியர்வையும் மணந்தன. நாற்காலியைவிட அந்த மடி கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் மூன்று வருடத்தில் நான் மறந்தே போயிருந்த மடி.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே அப்பா வந்தார். ஒரு கன்னம் மழமழ என்று, இன்னொரு கன்னத்தில் சவர நுரை.

"என்ன மாப்ள, வீட்டுக்குள்ள வராம இங்க வந்து..."

"வீட்டுக்கு நான் எங்க வந்தேன்? கடைக்கு வந்துருக்கேன் மச்சான்."

அப்பா மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி வெளியே போனார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. போச்சு, அப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார், மாமாவும் எழுந்துவிடப் போகிறார், என் குஞ்சலம், என் முதல் வரிசை! நான் மாமாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளறைக்குள்ளிருந்து அந்த அம்மாள், "போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பத்து நிமிடத்தில் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. அதே பாதி நுரையோடு, திருநகர் கடைத்தெரு முழுக்கப் பார்க்க, அப்பா ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்திருந்தார். மாடிக்கு ஓடித் தாம்பாளம் எடுத்துவந்து, வெற்றிலையும் பாக்கும் வைத்து, அந்தச் சுற்றும் நாற்காலிக்கு முன்னால் நின்று நீட்டினார்.

"மூணு வருசம் லேட்டு மாப்ள. மனசுல வச்சுக்கிறாதீங்க. வீட்டுக்கு வாங்க."

மாமா என்னையும் தூக்கிக்கொண்டுதான் எழுந்தார். என்னைப் பார்லர் அக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "மொகத்தத் தொடைங்க மச்சான், ஊரு சிரிக்கும்" என்றார். அவ்வளவுதான், அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பாவின் பாதி முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன்.

பார்லர் அக்கா மெல்ல, "கோயில்லதானக்கா குடுக்கணும்? நல்ல நேரம் பாத்துட்டு..." என்று இழுத்தார். விளக்குமாறு வாங்குவதற்கே காலண்டரில் ராகுகாலம் பார்க்கிற என் அம்மா, "இப்பவே வெட்டு" என்றாள். மாடிக்குப் போய் உடனே திரும்பி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணி. மஞ்சளில் நனைத்துக் காயவைத்து மடித்த துணி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. எனக்கு அதையெல்லாம் கவனிக்கவா நேரம்? மறுபடி மாமா மடியில் உட்கார்ந்தேன். மூன்று கற்றை முடியை வெட்டி அம்மா அந்தத் துணியில் முடிந்துகொண்டாள். பிறகு அக்கா என் முதுகில் ஸ்கேலை வைத்து, நேராக, நாலு விரற்கடையை ஒரே கோட்டில் நறுக்கினார். அம்மா அங்கேயே பின்னிக் காட்டினாள். முடிவில் ரப்பர் பேண்ட் மூன்று சுற்றுக்கு மேல் போகவில்லை! நான் தலையை இடமும் வலமும் வீசிப் பார்த்தேன். சடை மாமாவின் மூக்கில் பட்டென்று அடித்தது. மாமா, "அடியாத்தீ, என்னா கனம்!" என்றார்.

ஆண்டுவிழாவில் முதல் வரிசையில், நடுவில் ஆடினேன். மூன்று குஞ்சலமும் கடைசிவரை தொங்கின. மாமா நாற்காலி மேல் ஏறி விசில் அடித்தார், அப்பா அவரைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தப் பங்குனியில் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கல்லுப்பட்டிக்குப் போய், மஞ்சள் துணியைச் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்தோம். என் முடிக்காக மாமாவை வரவழைத்த கெட்டிக்காரி நான் என்று பல வருடம் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அம்மா மறுத்துச் சொன்னதே இல்லை.

இப்போது எட்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாதான் என் நுனியை வெட்டிவிடுகிறாள். போன தடவை அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது, பால்காய்ச்சு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு முடி தோளைத் தொட்டும் தொடாமலும் நேராக வெட்டப்பட்டிருந்தது. அப்போதுதான் வெட்டிய புது வெட்டு. அப்படியென்றால் வேண்டுதல் அதற்குப் பிறகுதான். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எந்தக் காய்ச்சலும் வந்ததாக நினைவில்லை.

"அம்மா, எனக்கு எப்பக் காய்ச்சல் வந்துச்சு?"

கத்தரிச் சத்தம் நின்றது.

"ஒனக்கு எங்கடி வந்துச்சு? அன்னைக்குப் பந்தி எந்திரிக்கிற வரைக்கும் பாத்தேன், எந்தம்பி வரல. அவன் திரும்ப வந்தாத்தேன் எம்புள்ள முடியில கத்தரி படணும்னு வேண்டிக்கிட்டேன். இத ஒங்கப்பாகிட்டச் சொல்ல முடியுமா, அவன்கிட்டச் சொல்ல முடியுமா? குனி, கோணலாகுது."

நான் குனிந்தேன். மடியில் ஆல்பம் திறந்திருந்தது. புது வீட்டு வாசலில் குடும்பமாக எடுத்த படம். அப்பா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் முன்பல் இல்லாமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அம்மா மட்டும் தெருக்கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.